தம்பி மருந்து

குடும்பத்தில் அவருக்குப் பெயர் பாதி டாக்டர். யார் வைத்தது என்று தெரியவில்லை. கேலிக்குத்தான் வைத்திருக்க வேண்டும். ஆனால் அவர் அதைப் பட்டமளிப்பு விழாவில் வாங்கியதுபோல வாங்கிக்கொண்டார். மீதிப் பாதி படிப்பு சமாச்சாரம், அதைப் படித்தவர்கள் மட்டும் என்ன கிழித்துவிட்டார்கள் என்பது அவருடைய எண்ணம்.

தொழில், மருந்துக் கம்பெனியின் பிரதிநிதி. கழுத்தில் டை, கையில் தோல் பை. டாக்டர்களின் வாசலில் இருமுகிறவர்களுக்கும் முனகுகிறவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்து, கடைசி ஆளாக உள்ளே போய், மருந்தின் பெருமையை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, சாம்பிளையும் ஒரு பேனாவையும் மேசையில் வைத்துவிட்டு வர வேண்டும். அந்த ஒரு மூச்சுதான் அவர் கற்ற மருத்துவம் மொத்தமும். ஓய்வு பெற்றதும் டையைக் கழற்றினார், பையை விடவில்லை. கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும் பை கூடவே வரும். உள்ளே ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, ஒரு டார்ச், கம்பெனி மிச்சம் வைத்த மாத்திரைகள்.

யாராவது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். டார்ச் அடிப்பார். பிறகு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு "ம்ம்..." என்பார். அந்த "ம்ம்" வந்துவிட்டால் நோயாளி பாதி குணமான மாதிரி. மீதியை நோயே பார்த்துக்கொள்ளும். பெரும்பாலான நோய்கள் தானாகவே போய்விடக்கூடியவை என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

அவரை முழு டாக்டராகவே நம்பியவள் அக்கா. கால் டாக்டராகக்கூட நம்பாதவர் அக்காவின் வீட்டுக்காரர்.

அத்தான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் கணக்கில் உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான்: ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர்கள், பின் சீட்டில் உட்கார்ந்து யோசனை சொல்கிறவர்கள். மைத்துனரை எந்த வகையில் வைத்திருந்தார் என்று சொல்லத் தேவையில்லை. "வாங்க டாக்டர் மாப்பிள்ளே, என் நாக்கு இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று வாசலிலேயே நீட்டிக் காட்டுவார்.

அந்த மனிதருக்குச் சர்க்கரை வெகுநாளாக இருந்தது. சிறுநீரகம் கொஞ்சம் மங்கியிருந்தது. ஒருநாள் இரண்டு காலும் வீங்கி, செருப்பு ஏறாமல் போக, இதயமும் தளர்ந்திருக்கிறது என்றார்கள். உடம்பில் தேங்கிய நீரை இறக்க மாத்திரை கொடுத்தார்கள். நீர் இறங்கியது, வீக்கம் வடிந்தது, கூடவே கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்தது. தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார், பல்லைக் கடித்துக்கொண்டு.

பாதி டாக்டர் வந்தார். இமை, நாக்கு, டார்ச், சுவர்.

"ம்ம்... நீரோட சேர்ந்து பொட்டாசியமும் போகுதுக்கா. அது போனா தசை இப்படித்தான் முறுக்கும்."

மறுநாளே ஒரு சிரப் புட்டியோடு வந்தார். அவரே ஊர் ஊராகச் சுமந்து விற்ற சரக்கு. மூடியால் அளந்து தண்ணீரில் கலந்து காலையும் மாலையும் கொடுக்கச் சொன்னார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அந்தத் தடவை அவர் சொன்னது சரி. இழுப்பு நின்றது. அத்தான் தெருமுனை வரை நடந்துபோய் பேப்பர் வாங்கிக்கொண்டு வந்தார். வினையே அங்கேதான் பிடித்தது. அன்றைக்கு அவர் தப்பாகச் சொல்லித் தொலைத்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது.

"மாப்பிள்ளே, உன்னைப் பாதின்னு சொன்னது தப்புதான்," என்றார் அத்தான். "முக்கால்னு வச்சுக்கோ."

அக்கா அந்தப் புட்டிக்கு அலமாரியில் தனி இடம் ஒதுக்கினாள். அதன் மேல் ஒட்டியிருந்த பெயரைப் படிக்கிற அவசியம் அவளுக்கு வரவில்லை. அந்த வீட்டில் அதற்குப் பெயர் "தம்பி மருந்து".

சில மாதம் கழித்து இதய டாக்டர் மாத்திரைகளை மாற்றினார். பழைய நீர் மாத்திரை போய்ப் புதிய நீர் மாத்திரை வந்தது. ரத்த அழுத்தத்துக்கும் புதிதாக ஒன்று. அக்கா மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு நேரே தம்பியிடம் வந்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இதுவும் நீர் மாத்திரைதான்க்கா. பழசு கறுப்பு வெள்ளை, இது கலர். அவ்வளவுதான் வித்தியாசம்."

"அப்போ உன் மருந்து?"

"அதை விட முடியுமா? அதுதானே அஸ்திவாரம்."

"இந்தப் பெரிய டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடட்டுமாடா?"

"வேணாம்க்கா. பெரிய டாக்டருங்களுக்கு அடுத்தவன் மருந்தைக் கண்டா ஆகாது. சக்களத்தி மாதிரி. நம்ம வீட்டு விஷயம் நம்ம வீட்டோட இருக்கட்டும்."

நீர் மாத்திரைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று பொட்டாசியத்தை வெளியே தள்ளும். இன்னொன்று அதை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டாவது வகையோடு அந்த சிரப் சேரக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளோடும் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கூடவே கூடாது. உள்ளே போனது வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும், தசையைத் தளர்த்தும், கடைசியில் இதயம் என்கிற தசையையும் நிறுத்தும். இது ஒன்றும் சிதம்பர ரகசியமில்லை. பாதி டாக்டர் வருஷக்கணக்கில் டாக்டர்களின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டிய வண்ண விளம்பர அட்டையிலேயே அச்சாகியிருந்தது, அடியில், எறும்பு எழுத்தில்.

ஆனால் அட்டையைப் பிடிப்பதற்கு என்று ஒரு முறை இருந்தது. இடது கையால் அடிப்பக்கம் பிடிக்க வேண்டும். கட்டைவிரல் அந்த எறும்பு வரிகளின் மேல் நீளவாட்டில் படுத்துக்கொள்ள வேண்டும். வலது கையிலிருக்கும் பேனா, மேலே சிரித்துக்கொண்டிருக்கும் குடும்பப் படத்தைத் தொட்டுத் தொட்டுப் போக வேண்டும். அவருக்கு மேலதிகாரி சொல்லிக்கொடுத்தார். அவர் தனக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், "விரல் நகர்ந்தா வியாபாரம் நகர்ந்துரும்" என்று. விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. விரல் சொந்த விரலாக இருந்தும்.

புது மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் அத்தானுக்குக் கால் கனத்தது.

"கியர் விழுது, வண்டி நகர மாட்டேங்குது மாப்பிள்ளே," என்றார். சவரம் செய்யக் கையைத் தூக்கினால் பாதி வழியில் கை இறங்கிவிட்டது. ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் நரைத்தும் உட்கார்ந்திருந்தார். "நெஞ்சும் சரியில்லை. ஒழுங்கா போய்ட்டே இருக்கு, திடீர்னு ஒரு ஸ்டாப்பை விட்டுட்டுப் போகுது."

பாதி டாக்டர் நாடியைப் பிடித்தார். சுவரைப் பார்த்தார்.

"ம்ம்... சத்து குறைஞ்சிருக்கு. அக்கா, ஒரு மூடியை ரெண்டு மூடியாக்கிடு."

அக்கா ஆக்கினாள். அவள் சொன்ன பேச்சைக் கேட்கிறவள்.

அத்தான் ஒரு காலை நேரத்தில் பல் விளக்கப் போனவர் குழாயடியிலேயே சரிந்தார். விழுந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை என்றாள் அக்கா. துணி நழுவின மாதிரி இருந்ததாம்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் சொந்தக்காரர்கள் கூடியபோது பாதி டாக்டர் ஏற்கெனவே பொறுப்பை எடுத்துக்கொண்டிருந்தார். தோல் பை தோளில். உள்ளே போகிற நர்ஸுக்கு வழிவிட்டு, வெளியே வருகிற நர்ஸிடம் தலையசைத்து, அந்த இடமே தன் மேற்பார்வையில் நடப்பதுபோல நின்றார். "நான் ஆரம்பத்திலிருந்தே பார்த்துட்டு வர்றேன். நான் இல்லைன்னா இந்தக் கேஸ் எப்பவோ போயிருக்கும்," என்று பெரியப்பா மகனிடம் சொன்னார். பெரியப்பா மகன் அதை அடுத்தவரிடம் சொன்னார். வரிசையின் கடைசிக்குப் போவதற்குள் அவர் அத்தானுக்கு ஒரு ஆபரேஷனே செய்திருந்தார்.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தாள். சின்னப் பெண். தூங்கி வெகுநேரமான கண்.

"பேஷண்டுக்கு நீங்க யாரு?"

"மச்சினன். நானும் மெடிக்கல் ஃபீல்டுதான். உங்க புரொபசர் எனக்கு ரொம்ப வேண்டியவர்."

"எந்த புரொபசர்?"

"பழைய புரொபசர்."

அவள் அதை அங்கேயே விட்டுவிட்டாள். "ரத்தத்துல பொட்டாசியம் பயங்கரமா ஏறியிருக்கு. இதயத் துடிப்பே கோணலாயிடுச்சு. ஊசி போட்டுட்டிருக்கோம், இறங்கும்னு நம்புறேன். அவர் சாப்பிடுற அந்த ரெண்டு மாத்திரையும் கொஞ்சம் ஏத்தும், கிட்னியும் சுமார்தான், ஆனா இவ்வளவுக்கு ஏறாது. வேற ஏதாவது கொடுத்தீங்களா? நான் எதுக்குக் கேக்குறேன்னா, சில வீடுகள்ல அரைகுறையா யாராவது ஒருத்தர் இருப்பார். கால் இழுக்குதுன்னா பொட்டாசியம் சிரப்பை வாங்கி ஊத்திட்டே இருப்பார். அப்படி ஏதாவது?"

ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கால் கனத்தது, கை இறங்கியது, நெஞ்சு விட்டு விட்டு ஓடியது, மூடி இரண்டானது. பின்னால் பெரியப்பா மகன், சித்தி, சித்தியின் மருமகன், எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சிரப் விஷயம் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். அவள் உள்ளே, அத்தானைத் தூக்கி வந்த அவசரத்தில் எங்கேயோ கழன்ற ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அரைகுறை. அந்த வார்த்தை மட்டும் வராமலிருந்தால் சொல்லியிருப்பார் என்று அவர் பிற்பாடு தனக்குத் தானே வாதாடிக்கொண்டார்.

"இல்லைங்க டாக்டர். எழுதிக் கொடுத்த மாத்திரை மட்டும்தான்."

"நிச்சயமா?"

"நான்தானே பார்த்துக்கிறேன்."

அவள் உள்ளே போனாள். "என்னவாம்?" என்றாள் சித்தி. "கிட்னி," என்றார் அவர். "வயசாச்சில்ல."

ஊசிகள் வேலை செய்தன. மத்தியானத்துக்குள் துடிப்பு நேரானது. அவர் வராந்தாவில் முன்னும் பின்னும் நடந்து மனசுக்குள் கணக்குப் பார்த்தார். சொல்லியிருந்தாலும் இதே ஊசிதானே போட்டிருப்பார்கள்? சொன்னால் கூடுதலாக என்ன கிடைக்கும், மானம் போகும். இனி அந்த மருந்து உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதானே? அதை அவரே பார்த்துக்கொள்வார். யாருக்கும் தெரியாமல், கௌரவமாக.

அத்தானை வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னலோரக் கட்டில். இவர் உள்ளே நுழைந்தபோது அக்கா கைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா அது?"

"உன் மருந்துதான்டா. இந்தக் களேபரத்துல காலை வேளை தவறிப்போச்சு."

அவர் பாய்ந்து புட்டியைப் பிடுங்கினார். அக்கா திடுக்கிட்டுப் பார்த்தாள். அத்தான் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நர்ஸ் இரண்டு கட்டில் தள்ளி நின்றாள். 'இது கூடாதுக்கா, இதனால்தான் இப்படி ஆச்சு' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். மூச்சும் தயாராகத்தான் இருந்தது. எதிரே அக்காவின் முகம் இருந்தது: சின்ன வயதிலிருந்து அவர் சொன்ன எதையும் சந்தேகப்பட்டதே இல்லாத முகம். அந்த முகத்தில் ஒரு கோடு விழுவதைப் பார்க்க அவரால் முடியாது.

புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ம்ம்... தேதி முடிஞ்சிருச்சுக்கா. பார்க்கலையா நீ?"

"ஐயையோ. நான் எங்கடா அதெல்லாம் பார்க்கிறேன்."

"பார்க்கணும்," என்றார் கண்டிப்பாக. கை கழுவுகிற தொட்டியில் மருந்தைக் கடைசிச் சொட்டு வரை கொட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, காலிப் புட்டியைக் குப்பைக்கூடையில் போட்டார்.

"அப்போ இனி என்னடா பண்றது?"

"பார்த்துக்கலாம்க்கா. நீ அதைப் பத்திக் கவலைப்படாதே."

அக்கா தலையாட்டினாள்.

பிற்பகலில் அத்தான் எழுந்து தலையணையில் சாய்ந்துகொண்டார். "டிப்போவுக்குள்ள விட்டுட்டாங்க மாப்பிள்ளே. ஓடத் தகுதியான்னு எஃப்.சி. பார்த்துதான் வெளிய எடுப்பாங்க போல." பிறகு அக்கா வெந்நீர் பிடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, மைத்துனரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமில்லை. "உன்னை நான் நிறைய கிண்டல் பண்ணியிருக்கேன். இன்னைக்குக் கொஞ்சம் பயந்துட்டேன்டா. நீ வெளிய நிக்கிறேன்னு உங்க அக்கா சொன்னா. சரி, நம்ம ஆளு இருக்கான்னு ஒரு தைரியம்."

"அத்தான்..."

"என்ன?"

"தூங்குங்க அத்தான்," என்றார் பாதி டாக்டர்.

மறுநாள் காலை இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். வீட்டுக்கு எப்போது அனுப்புவார்கள் என்று டாக்டரிடம் சமமாக நின்று பேச வேண்டும் என்று வரும் வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே வந்தார். வார்டு வாசலில் சொந்தக்காரர்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவரைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள்; சித்தி அழுதுகொண்டே விலகினாள். ஜன்னலோரக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. திரைக்கு அடியில் நிறையக் கால்கள் தெரிந்தன. யாரோ மார்பை அழுத்துகிற அழுத்தத்துக்குக் கட்டில் கிறீச்சிட்டது, நின்றது, மறுபடி கிறீச்சிட்டது. பிறகு கிறீச்சிடவில்லை. கால்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அந்தச் சின்னப் பெண் கடைசியாக வந்தாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"நேத்து சாயங்காலம் பார்த்தப்போ நல்லா இறங்கியிருந்தது," என்றாள், அவரிடமா தன்னிடமா என்று தெரியாமல். "காலைல ரத்தம் எடுத்தோம், ரிசல்ட் வர்றதுக்குள்ள நின்னுடுச்சு. இப்பதான் வந்தது. மறுபடி அவ்வளவும் ஏறியிருக்கு. மாத்திரையெல்லாம் நிறுத்தியாச்சு. எங்கிருந்து ஏறிச்சுன்னு எனக்குப் புரியலை."

அக்கா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தம்பியைக் கண்டதும் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தாள்.

"நான் எந்தக் குறையும் வைக்கலைடா," என்றாள். "நீ தேதி முடிஞ்சதுன்னு கொட்டினதும் எனக்கு மனசே கேக்கலை. கெட்டுப்போன மருந்தைத்தான் இத்தனை நாள் ஊத்திட்டிருந்தேனான்னு. நீ போனதும் அந்தப் புட்டியைக் கூடையிலிருந்து எடுத்துட்டுப் போய்க் கீழ மருந்துக்கடையில காட்டினேன். புதுசு கொடுத்தான். சாயங்காலம் கொடுத்தேன். தவறிப்போனதுக்கும் சேர்த்து இன்னைக்கு விடிஞ்சதும் கூடவே கொடுத்தேன். உப்பு கரிக்குது, வேணாம்னார். என் தம்பி சொன்ன மருந்து, குடிங்கன்னேன். குடிச்சுட்டார்."

டாக்டர் திரும்பினாள். "எந்த மருந்தும்மா?"

அக்கா கைப்பையைத் திறந்து புட்டியை எடுத்துக் கொடுத்தாள். புத்தம் புதியது, பெரிய புட்டி. டாக்டர் அதைத் திருப்பிப் படித்தாள். பிறகு அக்காவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் நெருங்கி வந்தார்கள்.

"என்னங்கம்மா?" என்றாள் அக்கா.

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க," என்றாள். அந்தக் குரலில் திட்டுகூட இல்லை.

அவர் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். ஒப்பிக்க எதுவும் வரவில்லை.

"அக்கா. அது... அந்த மருந்து கூடாது. புது மாத்திரை வந்தப்பவே நிறுத்தியிருக்கணும். அதனாலதான் அவர் விழுந்தார். நேத்து இவங்க என்கிட்ட கேட்டாங்க. நான் இல்லைன்னுட்டேன். தேதியெல்லாம் முடியலைக்கா. சும்மா சொன்னேன்."

அக்கா வெகுநேரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்னுதான்டா சொன்னார்," என்றாள். "நான்தான் தலையைத் தூக்கிப் பிடிச்சு ஊத்தினேன்."

"நீ இல்லக்கா. நான். நான்தான் பண்ணினேன்." குரல் உயர்ந்துவிட்டது. சித்திக்கும் பெரியப்பா மகனுக்கும் வராந்தாவின் அந்தக் கோடிக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னார், "நான்தான்க்கா!" ஆயுசெல்லாம் எவன் செய்த நல்லதையும் தன் பேரில் எழுதிக்கொண்ட மனிதர், இந்த ஒன்றையும் தன் பேரில் எழுதிவிடச் சொல்லி மன்றாடினார்.

அக்கா மறுத்துத் தலையசைத்தாள்.

"உனக்கு என்னடா தெரியும்," என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்து நிற்கிற சின்னப் பையனிடம் பேசுகிற குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து, அத்தானுக்கு வாயோரம் வழிந்திருக்கிறது, துடைக்க ஈரத்துணி வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டே திரைக்குள் போனாள்.